சீனாவில் நில மதிப்பு வரியே ஆட்சிக்கொள்கை ஆகியிருந்தால்: வரலாற்றை எந்த ஆண்டில் திருப்புவது?

சீனாவையும், நிலத்தால் வரும் வருமானம் பொதுவுக்கே சேர வேண்டும் என்று வாதிட்ட அமெரிக்கப் பொருளியலாளர் ஹென்றி ஜார்ஜையும் முடிச்சுப் போட்டு மாற்று வரலாறு எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வழுக்குகிறார்கள். நில மதிப்பு வரி (கட்டடத்தை விட்டு வெறுந்தரையின் விலைமேல் மட்டும் போடும் வரி) என்ற கொள்கையை எங்கிருந்தோ புதிதாகக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். அதற்குத் தேவையே இல்லை, அது அங்கே ஏற்கெனவே இருந்தது. 1905 ஆகஸ்டில் டோக்கியோவில் அமைந்த தோங்மெங்ஹுய் புரட்சிச் சங்கத்தின் உறுதிமொழியில் நான்கு வாசகங்கள்: மஞ்சுக்களை விரட்டுவோம், சீனாவை மீட்போம், குடியரசு அமைப்போம், நில உரிமையைச் சமப்படுத்துவோம். கடைசி வாசகம் சங்கத்தின் தலைவர் சுன் யாட்-சென் ஜார்ஜிடமிருந்து எடுத்துக்கொண்டது. பிறகு அது, சங்கத்தின் வழிவந்த கோமிந்தாங் கட்சியின் மூன்று மக்கள் கொள்கைகளில் மூன்றாவதான மக்கள் வாழ்வுக்குள் போனது. 1930-ஆம் ஆண்டு நிலச் சட்டத்தில் ஏறியது. 1947 அரசமைப்பின் 143-ஆம் பிரிவிலும் உட்கார்ந்தது.

அதாவது நாற்பது ஆண்டுகளாகக் கொள்கைக்கு மாலை மரியாதை எல்லாம் நடந்தது, வசூல்தான் நடக்கவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாத கதை. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "யார் மனம் மாறியிருந்தால்?" அல்ல. நில அளவைப் பதிவேடு, நம்பத்தக்க விலை, கையில் ரொக்கம் ஆகிய மூன்றும் ஒரே அரசிடம் எந்த ஆண்டில் சேர்ந்திருக்க முடியும்? ஐந்து ஆண்டுகள் போட்டியில் நிற்கின்றன: 1912, 1925, 1928, 1949, 1987.

முதலில் கணக்கு

சுன் வகுத்த முறை எளியது. உரிமையாளரே தன் நிலத்தின் மதிப்பை எழுதித் தருவார். கட்டடம், மரம், கிணறு எதுவும் சேராது, வெறுந்தரை மட்டும். அந்த மதிப்பின்மேல் ஆண்டு வரி. எழுதிய விலைக்கே நிலத்தை வாங்கிக்கொள்ளும் உரிமை அரசுக்கு உண்டு. எழுதிய நாளுக்குப் பின் விலை எவ்வளவு ஏறினாலும் அந்த ஏற்றம் பொதுவுக்கு. கூட்டி எழுதினால் வரி கடிக்கும், குறைத்து எழுதினால் நிலமே கையை விட்டுப் போகும். எனவே உண்மை விலையே காகிதத்தில் வரும் என்பது ஏற்பாடு. 1924-இல் அவர் ஆற்றிய உரையில் எடுத்துக்காட்டாகச் சொன்ன வரி விகிதம் நூற்றுக்கு ஒன்று.

இந்த நூற்றுக்கு ஒன்றில்தான் பல கதைகள் உடைகின்றன. ஆண்டுக்கு 100 யுவான் வாரம் (குத்தகை) தரும் நிலத்தை எடுத்துக்கொள்வோம். பணத்தை வேறு இடத்தில் போட்டால் 5 விழுக்காடு கிடைக்கும் ஊரில் அதன் விலை 2,000. ஒரு விழுக்காடு வரி வந்ததும் வாங்குபவர் ஐந்தோடு ஒன்றைக் கூட்டி ஆறால் வகுப்பார். விலை ஏறக்குறைய 1,667 ஆக இறங்கும், வரி 16.67. வாரத்தில் ஆறில் ஒரு பங்கு அரசுக்கு. அதே வரியைப் பணத்துக்கு 10 விழுக்காடு கேட்கும் ஊருக்குக் கொண்டுபோனால் விலை 1,000-இலிருந்து 909 ஆகும், வரி வெறும் 9. வட்டி ஏறிய ஊரில் மதிப்பு வரி இளைத்துப்போகும். சீன நாட்டுப்புறத்தில் கடன் வட்டி கொள்ளை வட்டி. அங்கே ஒரு விழுக்காட்டை வைத்துக்கொண்டு "பத்தாண்டில் பண்ணையார் வர்க்கம் மறைந்தது" என்று எழுதினால் கணக்குத் தெரிந்த வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். 6 விழுக்காடு போட்டால் கதை வேறு. 5 விழுக்காட்டு ஊரில் விலை 909, வரி 54.5, பாதிக்கு மேல் பொதுவுக்கு. 10 விழுக்காட்டு ஊரில் விலை 625, வரி 37.5.

6 என்ற எண் கற்பனை அல்ல. ஜெர்மனி 1897 நவம்பரில் ஜியாவ்சோ விரிகுடாவைப் பிடித்து, மறு ஆண்டு மார்ச்சில் 99 ஆண்டுக் குத்தகையாக எழுதி வாங்கியது. அங்கே சிங்தாவ் நகருக்காக 1898 செப்டம்பர் 2-இல் வந்த நில ஆணையில் ஆண்டு வரி 6 விழுக்காடு. விற்கும்போது கிடைக்கும் மதிப்பேற்றத்தில் மூன்றில் ஒரு பங்கு அரசுக்கு. 25 ஆண்டுகள் விற்காமலே வைத்திருந்தாலும் ஏற்றத்துக்கு வரி உண்டு. விற்பவர் சொல்லும் விலை குறைவாகப் பட்டால் நிர்வாகம் அதே விலைக்கு எடுத்துக்கொள்ளலாம். பின்னர், கட்டுகிறேன் என்று வாங்கிக் கட்டாமல் போட்டுவைப்பவருக்கு வரி 9-இல் தொடங்கிப் படிப்படியாக 24 விழுக்காடு வரை ஏறும்படி திருத்தினார்கள். இதை வகுத்தவர் வில்ஹெல்ம் ஷ்ராமையர், சீன மொழி தெரிந்த அதிகாரி. 1912 செப்டம்பர் இறுதியில் சுன் சிங்தாவுக்கே போய்ப் பார்த்துவிட்டு அதை முன்மாதிரி என்றார்.

ஆனால் சிங்தாவ் ஏன் நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜெர்மன் கடற்படை முதலில் செய்த வேலை நில விற்பனையை முடக்கியதுதான். விற்பதானால் தனக்கு மட்டுமே, அதுவும் பழைய விலைக்கு. பிறகு நகருக்கு வேண்டிய நிலத்தை வாங்கி, அளந்து, மனை பிரித்து, ஏலம் விட்டது. பதிவேட்டின் முதல் பக்கமே அரசின் கையெழுத்தில் தொடங்கியது. பழைய பத்திரம், பங்காளித் தகராறு எதுவும் கிடையாது. இவ்வளவுக்கும் பிறகு அந்தக் குடியேற்றம் பெர்லினிலிருந்து வந்த மானியத்தில்தான் ஓடியது. நில வரி ஊக வாணிபத்தைத்தான் அடக்கியது, செலவைத் தாங்கவில்லை.

1912: கொள்கை சூடாக இருந்தது, கஜானா காலி

சுன் இடைக்கால அதிபராகப் பொறுப்பேற்றது ஜனவரி 1-இல். பிப்ரவரியில் விலகி, வடக்குப் படையின் தலைவர் யுவான் ஷிகாயிடம் விட்டுக்கொடுத்தார். விட்டுக்கொடுக்காமல் இருந்திருந்தால் என்று தொடங்கும் கதைகளுக்குக் கவர்ச்சி உண்டு, காலுக்குக் கீழே தரை இல்லை. அன்று கையில் இருந்த நிலப் பதிவேடு மிங் காலத்து மீன்செதில் வரைபடங்களின் (வயல்கள் செதில்போல் வரையப்பட்ட நிலக் கணக்கு) பேரப்பிள்ளைகள். மஞ்சுக்களின் சிங் அரசு 1712-இல் தலைவரி எண்ணிக்கையை உறைய வைத்து, அடுத்த அரசர் காலத்தில் அதை நில வரியோடு கலந்துவிட்டது. அதன்பின் மாவட்டத்துக்கு இவ்வளவு என்ற ஒதுக்கீடுதான் வரி. எந்த வயல் யாருடையது என்பது அரசுக்குத் தெரியாது. தெரிந்தவர் வரிக் கணக்கை வழிவழியாக வீட்டில் வைத்திருந்த எழுத்தர். நம் பக்கத்துப் பழைய கர்ணம் நினைவுக்கு வரலாம். அங்கே அந்தக் கணக்குப் புத்தகத்தைச் சொத்துபோல விற்கவும் செய்தார்கள்.

போதாததற்கு இரண்டு வகைப் பத்திரம். வரி கட்டி அரசு முத்திரை பெற்றது சிவப்புப் பத்திரம், முத்திரை இல்லாமல் ஊரார் சாட்சியோடு எழுதிக்கொண்டது வெள்ளைப் பத்திரம். 1912-இலேயே குவாங்தொங் மாகாணத்தில் பழைய பத்திரங்களைக் கொடுத்துப் புதுப் பத்திரம் வாங்கும் திட்டம் பேசப்பட்டது. அந்த ஒரு மாகாணம்கூட முடிவதற்குள் ஆட்சி கவிழ்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் சிறு கட்சிகளைச் சேர்த்துக் கோமிந்தாங் உருவானபோது நிலச் சமத்துவத்தின் வீரியமும் குறைந்தது. 1912-ஐ முன்னுரையில் வைத்துக்கொள்ளலாம். திருப்புமுனை ஆக்க வேண்டாம்.

1928: சட்டம் கையில், நிலம் கைக்கு அப்பால்

முறைப்படி பார்த்தால் இதுதான் வலுவான ஆண்டு. நான்ஜிங்கைத் தலைநகராகக் கொண்ட கோமிந்தாங்கின் தேசிய அரசு, அதிகாரக் கொள்கையாகவே சுன்னின் மூன்று கோட்பாடுகள், இரண்டே ஆண்டில் நிலச் சட்டம். நடந்தது என்ன? 1928-இல் நில வரியை மாகாணங்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு நடுவண் அரசு சுங்கம், உப்பு, ஆலை வரி ஆகியவற்றில் குந்தியது. 1930 ஜூனில் வெளியான நிலச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1936 மார்ச்சில். மறு ஆண்டுக் கோடையில் ஜப்பானோடு போர். நில வரியை நடுவண் அரசு திரும்ப எடுத்தது 1941-இல். அதுவும் மதிப்பின்மேல் அல்ல, தானியமாக.

"அந்த வரியை விட்டுக்கொடுக்காமல் இருந்திருந்தால்" என்பது கேட்க நன்றாக இருக்கும். மூன்று தடைகள் உண்டு.

மிக விலையேறிய நிலம் ஷாங்காயின் அன்னியக் குடியிருப்புகளில். அங்கே நகராட்சி மன்றம் மனை மதிப்பை அவ்வப்போது கணித்து ஏற்கெனவே நில வரி வாங்கிக்கொண்டிருந்தது. தூதரகத்தில் பதிவான அந்தக் குடியிருப்புப் பத்திரத்துக்கு அவ்வளவு மரியாதை. சீனர்களே வெள்ளைக்காரர் பெயரில் நிலத்தைப் பதிந்து, அவருக்குக் கட்டணம் கொடுத்து, பத்திரத்தைத் தாம் வைத்துக்கொண்டார்கள். நான்ஜிங்கின் வரி ஆணை அந்த எல்லைக்கு வெளியே நிற்கும். நில மதிப்பு வரியை ஆட்சிக்கொள்கை என்று அறிவித்துவிட்டு நாட்டின் மிகச் சிறந்த மனைகளில் ஒரு காசு வாங்க முடியாத அரசு: நகைச்சுவை எழுதுபவருக்கு நல்ல கரு.

இரண்டாவது தடை யாங்சி கீழ்ப்பகுதியின் வயல்கள். ஒரே வயலுக்கு இரண்டு முதலாளிகள் என்று அங்கே சொல்வழக்கு. அடிமண் ஒருவருக்கு, மேல்மண் இன்னொருவருக்கு. மேல்வாரம், குடிவாரம் என்று நம் ஆவணங்களில் வருவதோடு ஓரளவு பொருந்தும். வேறுபாடு, இரண்டும் தனித்தனியே விற்கப்படும், அடகு வைக்கப்படும். சில இடங்களில் மேல்மண்ணின் விலை அடிமண்ணை மிஞ்சும். வரி அடிமண்காரர் பெயரில். மதிப்பு வரி அவருடைய பாதியை மட்டும் தொட்டால் ஏற்றம் முழுவதும் மேல்மண்ணுக்கு ஓடிவிடும். இருவரையும் தொட்டால் மேல்மண் வைத்திருக்கும் உழவர் முதல் நாளே எதிரி. இதோடு ஒத்தியும் உண்டு: பணம் திருப்பிக் கொடுத்தால் மீட்டுக்கொள்ளலாம் என்று எழுதிய நிலம், ஒரு தலைமுறை கழித்தும் மீட்கப்படலாம். மதிப்பை எழுதித் தர வேண்டியவர் இப்போது அனுபவிப்பவரா, மீட்க உரிமை உள்ளவரா? மாற்று வரலாற்றில் இந்தக் கேள்விக்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் மற்ற முப்பது பக்கத்தையும் வாசகர் நம்புவார்.

மூன்றாவது தடை கட்சிக்குள்ளேயே இருந்தது. செஜியாங் மாகாணத்தில் 1927-க்குப் பின் வாரத்தில் கால்பங்கு குறைக்க முயன்றார்கள். உள்ளூர்ச் செல்வர்களும் கட்சிக் கிளைகளும் மோதிக்கொண்டதில் அது பெயரளவில் நின்றுபோனது. வாரத்தைக் குறைக்கவே முடியாத அரசு அதே ஆட்களிடம் நில மதிப்பை எழுதி வாங்கும் என்றால் எப்படி?

1925: ஒரே ஊரில் இரண்டு பேர்

குவாங்தொங்கின் தலைநகரான குவாங்சோவில் 1925 ஆகஸ்டு 20-இல் லியாவ் சோங்காய் சுட்டுக் கொல்லப்பட்டார். இருபது ஆண்டுகளுக்கு முன் தோங்மெங்ஹுய் சங்கத்தின் இதழில் ஜார்ஜின் நூலில் ஒரு பகுதியைச் சீனத்தில் கொடுத்தவர் அவர். இறந்தபோது, ஜூலையில் அமைந்த தேசிய அரசின் நிதியமைச்சர். அதே ஊரில் ஆலோசகராக இருந்தவர், சுன் வரவழைத்த ஷ்ராமையர். நகரத்துக்கான நிலப் பதிவு, நில வரிச் சட்ட வரைவுகளில் வேலை செய்துகொண்டிருந்தார். 1926 ஜனவரியில், விபத்தில் காயமுற்று அவரும் இறந்தார். கோட்பாட்டை மொழிபெயர்த்தவர் கையில் கஜானா, எந்திரத்தைக் கட்டி ஓட்டியவர் கையில் வரைவு. இருவரும் அரை ஆண்டுக்குள் போய்விட்டார்கள். ஒரு குண்டு குறி தப்பினால் போதும் என்ற அளவில் வரலாறு இவ்வளவு சன்னமாக வேறு எங்கும் நிற்கவில்லை.

இடமும் பொருத்தம். குவாங்சோவில் அன்னியர் கையில் இருந்தது ஷாமியன் என்ற சிறு தீவு மட்டும். மற்ற நிலம் முழுக்கச் சீன ஆட்சியில். நகர மதிலை இடித்துச் சாலை போட்டு முடித்திருந்தார்கள். வெளிநாட்டுச் சீனர்களின் பணம் வந்து தோங்ஷான் பக்கம் மாடி வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. சாலையால் ஏறிய விலை கண்ணுக்கு நேரே தெரிந்தது. "இந்த ஏற்றத்தை நீ உண்டாக்கவில்லை" என்று சொன்னால் கேட்பவருக்குப் புரியும்.

கெட்டுப்போகும் இடங்களும் அங்கேயே இருக்கின்றன, அவற்றைப் பூசி மெழுகக் கூடாது. முந்திய இரண்டு ஆண்டுகளில் படைச் செலவுக்காகக் கோயில் நிலம், "அரசுச் சொத்து" என்று முத்திரை குத்தப்பட்ட கட்டடங்கள் எல்லாம் விற்கப்பட்டிருந்தன. பத்திரத்தைக் காட்டு என்று வருபவன் பணம் பிடுங்க வருகிறான் என்பது ஊரார் அனுபவம். 1924 அக்டோபரில் சுன்னின் அரசு வணிகர்களின் ஆயுதப் படையோடு மோதியதில் நகரின் சிகுவான் வட்டாரம் எரிந்தது. அளவைக்காரன் சங்கிலியோடு தெருவில் இறங்கினால் கதவு சாத்தப்படும். இதோடு கடைகளுக்கென்று ஒரு சிக்கல்: கட்டடம் ஒருவருடையது, அந்த இடத்தில் கடை நடத்தும் நிலையான உரிமை இன்னொருவருடையது, இரண்டுக்கும் தனி விலை. வயலின் மேல்மண் நகரத்துக்கு வந்து கடைத்தெருவில் உட்கார்ந்த மாதிரி.

ஊருக்கு வெளியே போனால் குலநிலம். குவாங்தொங்கில் மூதாதையர் மண்டபங்களின் பெயரில் கணிசமான நிலம் இருந்தது. அது விற்பனைக்கே வராது. விற்பனை இல்லையேல் சந்தை விலை இல்லை, மதிப்பேற்ற வரி விழும் நாளும் இல்லை. சிங்தாவின் 25 ஆண்டு விதி இதற்கென்றே செய்தது போலப் பொருந்துகிறது. கதையில் ஷ்ராமையர் உயிரோடு இருப்பதன் பயன் இதுதான். ஆற்று முகத்தில் அணை கட்டி மீட்ட மணல் வயல்கள் இன்னொரு புதிர். சேறாகக் கிடந்த இடத்தை வயலாக்கியது உழைப்பு. ஜார்ஜின் அளவுகோலில் அது மேம்பாடு, வரி கூடாது. ஆனால் அந்த வயல்களை வைத்திருந்தவர்களில் மாகாணத்தின் பெரும்புள்ளிகள் இருந்தார்கள். முதல் விலக்கு அவர்களுக்கா?

எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல் காலம். மதிப்பு வரியின் முதல் காசு வர மூன்று ஆண்டாவது ஆகும்: அளவை ஒன்றரை ஆண்டு, பதிவும் ஆட்சேபமும் ஓராண்டு, பிறகு அறிவிப்பும் வசூலும். படைக்குச் சம்பளம் மாதாமாதம். உண்மையில் லியாவுக்குப் பின் நிதியை எடுத்த டி. வி. சூங் பத்திரங்கள் விற்றும் மறைமுக வரிகளைக் கறந்தும் பணம் திரட்டினார், 1926 ஜூலையில் வடக்குப் போர்த்தலைவர்களை அடக்க வடக்குப் படையெடுப்பு கிளம்பியது. மாற்றுக் கதையில் படையெடுப்பை 1928 வரை தள்ள வேண்டும். சோவியத் ஆலோசகர் போரோடின் அதற்கு ஏன் ஒத்துக்கொள்கிறார் என்பதற்குக் காரணம் வேண்டும். "லியாவ் நல்லவர்" என்பது காரணமாகாது. 1926-இல் பக்கத்து மாகாணமான குவாங்சியில் ஏதோ ஒரு போர்த்தலைவர் எதிராகத் திரும்பிவிட்டார் என்று வைப்பது மேல்.

அப்புறம் கிராமம். நில மதிப்பு வரி நகரத்தின் கேள்விக்கு விடை. சீனாவின் கேள்வி கிராமத்தில் இருந்தது. சுன்னுக்கும் இது தெரியும். 1924 ஆகஸ்டில் உழவர் பயிற்சிப் பள்ளியில் பேசும்போது அவர் சொன்னது நில மதிப்பு அல்ல, உழுபவனுக்கே நிலம். ஹென்றி ஜார்ஜின் வாதப்படி வரியை நிலக்காரர் குத்தகைதாரர் தலையில் கட்ட முடியாது, வாரம் ஏற்கெனவே நிலம் தாங்கும் உச்சத்தில் இருப்பதால். ஆனால் வழக்கப்படி நிலைத்த வாரம் இருக்கும் ஊரில் உச்சத்துக்குக் கொஞ்சம் இடைவெளி உண்டு. குலத்தார்க்குச் சலுகை வாரம் விடும் இடத்திலும் உண்டு. வரி வந்தால் அந்த இடைவெளி அடைபடும்: வாரம் ஏறும், அல்லது முன்பணம் இரட்டிக்கும். எனவே கதையில் கிராமத்துக்குத் தனிப் பாதை வேண்டும். மேலே பார்த்த கணக்கு கைகொடுக்கும்: 6 விழுக்காடு வரி, 10 விழுக்காட்டு ஊரில் வயல் விலையை 1,000-இலிருந்து 625-க்கு இறக்குகிறது. வாரத்தைச் சட்டத்தால் நிறுத்திவைத்து, இறங்கிய விலையில் குத்தகைதாரருக்குத் தவணையில் விற்க நகர வரிப் பணத்தை ஈடாகக் காட்டலாம். இது நடந்தால் பொதுவுடைமைக் கட்சிக்குக் கிராமத்தில் வேலை குறையும். நடக்காவிட்டால் 1949-இல் அக்கட்சியின் வெற்றி அப்படியே வரும், குவாங்சோவில் நல்ல சாலைகளோடு.

1949: தைவானைக் காட்டிப் பயன் இல்லை, பாடம் உண்டு

1949-இல் உள்நாட்டுப் போரில் தோற்ற கோமிந்தாங் ஒதுங்கிய தைவானில் கொள்கை நடைமுறைக்கு வந்ததால் அதையே பெருக்கி எழுதினால் போதும் என்று தோன்றும். அங்கே 1898-இல் தொடங்கி ஜப்பானியர் நிலத்தை அளந்தார்கள். பழைய பதிவேட்டில் இருந்ததைப் போல் இரு மடங்குக்கு மேல் வயல் வெளிவந்தது. 36,000 சதுர கிலோமீட்டர் தீவுக்கு, பின்னால் படை நிற்க, சில ஆண்டுகள் ஆயின. ஜியாங்சு மாகாணம் மட்டும் அதைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. கோமிந்தாங் தலைவர்களுக்குத் தீவில் வயலும் இல்லை, மைத்துனரும் இல்லை. அதனால்தான் 1949-இல் வாரம் 37.5 விழுக்காட்டுக்கு இறங்கியது (பாதி வாரத்தில் கால்பங்கு கழித்தால் வரும் எண், செஜியாங்கில் தோற்றதே அது), 1953-இல் உழுபவனுக்கு நிலம் வந்தது, 1954-இல் நகர நிலச் சட்டமும் வந்தது. இந்தச் சூழலைப் பெருநிலத்துக்கு நகர்த்த வழியில்லை.

பாடம் மட்டும் எடுத்துக்கொள்ளலாம். சட்டப்படி நில மதிப்பு வரி 1 முதல் 5.5 விழுக்காடு வரை. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டு மனைக்கு 0.2. மதிப்பேற்றத்துக்கு 20, 30, 40 விழுக்காடு. அரசு வெளியிடும் மதிப்பில் 80 முதல் 120 விழுக்காட்டுக்குள் உரிமையாளர் எழுதலாம், எழுதாமல் விட்டால் 80 என்று கொள்வார்கள். யார் 81 எழுதுவார்கள்? எல்லாரும் 80-இல் நின்றார்கள், அரசு மதிப்பும் சந்தைக்குப் பின்னால் நொண்டியது, தைபேயின் மனை விலை வானத்துக்குப் போனது. சுன் கனவு கண்ட "எழுதிய விலைக்கு வாங்குவோம்" என்ற மிரட்டல், வாங்காத அரசின் வாயில் வெறும் மிரட்டலாகவே நின்றது. ஒன்றை மட்டும் சரியாகச் செய்தார்கள்: மதிப்பேற்றத்தைக் கணக்கிடும்போது பழைய விலையை நுகர்வோர் விலைக் குறியீட்டால் பெருக்கிக்கொள்கிறார்கள். 1948 ஆகஸ்டில் முப்பது லட்சம் பழைய யுவானுக்கு ஒரு தங்க யுவான் கொடுத்த நாட்டில் அந்தப் பெருக்கல் இல்லாத மதிப்பேற்ற வரி என்றால், பணவீக்கமே ஏற்றமாகி நிலம் முழுவதும் பறிமுதல்.

1987: கொள்கையின் பெயர் வேறு, எந்திரம் தயார்

பதிவேட்டுத் தொல்லை அறவே வேண்டாம் என்றால், ஹாங்காங்கை ஒட்டிய சிறப்புப் பொருளாதார மண்டலமான ஷென்செனுக்குப் போகலாம். 1982 அரசமைப்பின்படி நகர நிலம் முழுவதும் அரசுடையது. அந்த ஆண்டு முதலே ஷென்செனில் சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 1 முதல் 21 யுவான் வரை நிலப் பயன்பாட்டுக் கட்டணம். ஜார்ஜ் கேட்டதற்கு இதைவிடக் கிட்ட எதுவும் இல்லை. பிறகு 1987 டிசம்பர் 1-இல் 8,588 சதுர மீட்டர் மனை ஒன்று ஹாங்காங் பாணியில் ஏலம் போனது: 50 ஆண்டு உரிமை, 52.5 லட்சம் யுவான், ஒரே தொகை. மறு ஏப்ரலில் அரசமைப்பைத் திருத்தி அதைச் சட்டமாக்கினார்கள். குடியிருப்புக்கு 70, தொழிலுக்கு 50, வணிகத்துக்கு 40 ஆண்டு என்று 1990-இல் வரையறை வந்தது.

ஏன் ஆண்டு வாடகை தோற்று மொத்தத் தொகை வென்றது? 5 விழுக்காட்டு வட்டியில் 70 ஆண்டு வாடகையின் இன்றைய மதிப்பு ஏறக்குறைய 19 ஆண்டு வாடகை. ஐந்தாண்டு பதவியில் இருக்கும் மேயருக்கு 19 ஆண்டு வருமானம் ஒரே நாளில். 1994 வரிப் பகிர்வில் உள்ளூர் அரசுகளின் பங்கு சுருங்கியபின் அதுவே அவர்களுக்கு உயிர்மூச்சு. 2021-இல் நில உரிமை விற்ற வருமானம் நாடு முழுதும் 8.7 லட்சம் கோடி யுவான்; 2024-இல் 4.9 லட்சம் கோடிக்கும் கீழே. ஆண்டு வாடகை முறையில் இப்படி மூன்று ஆண்டில் ஏறக்குறைய பாதியாகச் சரியாது.

திருப்புமுனை வேண்டுமானால் 1987 ஏலத்தில் அல்ல, 1994-இல் வையுங்கள்: மொத்தத் தொகையில் பெரும்பங்கு நடுவண் அரசுக்கு, ஆண்டு வாடகை முழுவதும் நகரத்துக்கு என்று பிரித்தால் மேயரின் கணக்கே மாறும். தடையாக வருபவை இலவசமாக ஒதுக்கப்பட்ட நிலத்தில் உட்கார்ந்திருக்கும் அரசு ஆலைகளும், வீடு வைத்திருக்கும் அதிகாரிகளும். 2011 ஜனவரியில் ஷாங்காயிலும் சோங்சிங்கிலும் தொடங்கிய வீட்டு வரிச் சோதனை நாடு தழுவாமல் நின்றதைப் பார்த்தால் தெரியும். ஆட்சிக்கொள்கை என்ற சொல்லுக்கு இங்கே இடம் குறைவு. ஜார்ஜின் பெயரை யாரும் எடுக்க மாட்டார்கள். மார்க்ஸின் வேறுபாட்டு வாரம் (நிலத்தின் தரமும் இருப்பிடமும் வேறுபடுவதால் கிடைக்கும் கூடுதல் வாரம்) என்ற சொல்லால்தான் எண்பதுகளில் சீனப் பொருளியலாளர்கள் நிலக் கட்டணத்தை நியாயப்படுத்தினார்கள், உங்கள் பாத்திரங்களும் அப்படியே பேச வேண்டும்.

தேர்வு

இன்றைய சீனா வரை நீளும், பட்ஜெட் கணக்கு பிசகாத கதை வேண்டுமென்றால் 1994. கொள்கை, கட்சி, பிளவு, துரோகம் எல்லாம் வேண்டுமென்றால் 1925-தான். 1928-ஐ ஷாங்காய் எல்லைக்கோடு கொன்றுவிடுகிறது. 1912, 1949 இரண்டும் பின்னணிக்கே ஆகும்.

1925-ஐ எடுப்பவர் சுன் சொன்ன ஒன்றைத் தள்ளி சிங்தாவின் ஆறை வைக்கட்டும். விலைக் குறியீட்டு விதியை முதல் ஆணையிலேயே சேர்க்கட்டும், இல்லையேல் நாற்பதுகளில் கதை தானாக வெடிக்கும். நகரத்தை முதலில் பிடித்து, யாங்சி ஆற்றங்கரை நகரான ஹான்கோவில் 1927-இல் பிரிட்டன் திருப்பித் தந்த அன்னியக் குடியிருப்பை இரண்டாவது சோதனைக் களமாக வைக்கலாம். அங்கே தயாராக ஒரு பதிவேடு கிடைக்கும். படையெடுப்பைத் தள்ளியிருப்பதால் அந்தத் திருப்பித் தரல் ஓரிரு ஆண்டு பின்னால் போகும், அதைக் கவனிக்கவும்.

ரொக்கத்தில் ஒரு பகுதியை வெள்ளியாகவே ஒதுக்கிவைத்து, மதிப்பு எழுதி வாங்கிய முதல் மாதத்திலேயே குறைத்து எழுதிய ஒரு மனையை அரசு எழுதிய விலைக்கு வாங்கியாக வேண்டும். அந்த ஒரு கொள்முதல் நடக்காவிட்டால் அடுத்த ஆண்டு ஊரே பாதி விலை எழுதும். யாருடைய மனை என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். தோங்ஷானில், கட்சிக்கு வெளிநாட்டிலிருந்து நன்கொடை அனுப்பியவருடையதாக இருந்தால், லியாவ் அந்தக் காசோலையில் கையெழுத்துப் போடும் காட்சிக்கு வேறு அலங்காரம் தேவைப்படாது.